பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோன கோப்பு

பிலேந்திரன் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது கோவிலுக்குள் அல்ல, கோவிலுக்குக் கீழே.

2022 அக்டோபர் மாதம். நான் ஒஸ்லோவுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தேவகோட்டைக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அவருடைய மகன் முதுகலை முடித்து, நோர்வேயில் பாலங்களுக்குப் பளு கணக்கிடும் வேலையில் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எங்கே போனாலும் முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

அந்தக் கத்தோலிக்கக் கோவிலில் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு தமிழ்ப் பூசை. அன்றைக்குக் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கத் தொடங்கியபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசுவதற்காகப் படியிறங்கி அடித்தளக் கூடத்துக்குப் போனேன். அங்கே பழுப்புக் கம்பளிச்சட்டை போட்ட ஒருவர், ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு வயது இருக்கும், நீளமான மேசையில் காகிதக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை பேசாமலிருந்தார்.

"நீர் இந்தியாவோ?" என்றார், நிமிராமலே.

"ஆமா சார். பேசினத வெச்சுக் கண்டுபிடிச்சீங்களா?"

"கதைக்க முதலே தெரியும். இஞ்சை ஒருத்தரும் கோயிலுக்குள்ளை சப்பாத்துக் கழட்டிறேல்லை. நீர் காலுறையோடை நிக்கிறீர். சளி பிடிக்கப் போகுது."

குனிந்து பார்த்தேன். ஊர்ப் பழக்கத்தில் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்திருந்தேன். சிரிப்பு வந்தது.

"சேர் எண்டு சொல்லாதையும்," என்றார். "நான் பள்ளிக்கூடத்திலைதான் வேலை செய்யிறனான், ஆனா படிப்பிக்கிற வேலை இல்லை. ஹீற்றர் திருத்திற வேலை, பனி தள்ளுற வேலை. அண்ணை எண்டு கூப்பிடும், காணும்." பிறகு, "மேலை நன்மை குடுக்கினம். நீர் போகேல்லையோ?" என்றார்.

"போகணும். நீங்க போகலையா அண்ணே?"

அவர் கெத்தலைப் பார்த்தார். "தண்ணி கொதிக்குது," என்றார்.

அடுத்த ஒன்றரை வருடம், நன்மை கொடுக்கிற நேரம் வந்தால் கீழே தண்ணீர் கொதித்தது. கோவிலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "பிலேந்திரன் இல்லாட்டி எங்களுக்கு ஆர் தேத்தண்ணி போடுறது" என்பார்கள். ஒரு மின்சாரக் கெத்தல் கொதிக்க நாலு நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஆனால் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்மனில் குடியிருந்ததால் பூசை முடிந்து அவருடைய காரில்தான் திரும்புவேன். அவர் மனைவி மேரியம்மா அக்கா முன் இருக்கையில் இருந்து முழு வழியும் பேசிக்கொண்டு வருவார். அவர் மன்னார்ப் பக்கம். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மகள் அபிஷா திராமன் நகரில் தாதி. பிலேந்திரன் அண்ணன் ஊர்காவற்றுறை. அவருடைய சொந்தக்காரர் யாரும் நோர்வேயில் இல்லை. ஒரு தம்பி இருந்தான், எண்பத்தொன்பதில் ஆமி சுட்டுச் செத்துப்போனான், அந்தத் துக்கத்தில் மாமியாருக்குப் புத்தி கொஞ்சம் பேதலித்துப் போயிருந்தது என்று மேரியம்மா அக்காதான் ஒருநாள் காரில் சொன்னார். அண்ணன் அப்போது பாதையை மட்டுமே பார்த்து ஓட்டினார்.

2024 பிப்ரவரியில் அவர் பள்ளிக்கூடப் படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அறுவை சிகிச்சை என்று கடிதம் வந்தது. மேரியம்மா அக்கா கடிதத்தைப் படித்த கையோடு, தமிழ்ப் பூசை வைக்க வருகிற தமிழ்ச் சுவாமியாருக்குப் போன் போட்டார். ஒப்பரேசனுக்கு முதல் செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், நன்மை எடுக்கவேண்டும், நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதலும் வாங்கவேண்டும். தவக்காலம் வேறு.

மார்ச் மாதத் தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியார், முதல் நாளே அவர்கள் வீட்டுக்கு வந்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சுவாமியார் வாசலில் மணியடித்ததும் பிலேந்திரன் அண்ணன் ஒரு கூடை உடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்படியால் கட்டடத்தின் சலவை அறைக்குப் போனார். ஒரு மணி நேரமாக வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "இரண்டாவது மெசின் ஓடுது, தம்பி" என்றார். சுவாமியார் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தீரே தம்பி," என்று மேரியம்மா அக்கா என்னிடம் முறையிட்டார். "கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருசம். இந்த மனுசன் தானா ஒரு சட்டை தோய்ச்சு நான் கண்டதில்லை. இண்டைக்குத் திரைச்சேலையையும் கழட்டிக்கொண்டு போய்த் தோய்ச்சிருக்கிறார். அதென்ன அப்பிடி ஒரு பயம்? கத்தி வைக்கிற டொக்டருக்குப் பயமில்லையாம், சுவாமிக்குப் பயமாம்!"

அண்ணன் ஈரத் திரைச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தேன். ரயில் நிலையத்துக்கு வெளியே அண்ணன் காரில் காத்திருந்தார். ஏறச் சொன்னார். ஆனால் காரைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் ஈரப்பனி விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி, உம்மட்டை ஒரு உதவி. நீர் சுவாமியாரா இருக்கோணும்."

"எத்தனை வருசத்துக்கு அண்ணே? எங்கம்மா பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பகிடி விடாதையும். அரை மணித்தியாலம் காணும். நான் பாவசங்கீர்த்தனம் சொல்லுறன். நீர் குறுக்குக் கேள்வி கேளும். எங்கை பிசகுது எண்டு பாப்பம்."

பின் இருக்கையிலிருந்து நீல நிறக் கோப்பு ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். மூலைகள் நைந்திருந்தன. உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் தாள்கள்: 1989 நவம்பரில் பொலிஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தின் பிரதி, தங்க அனுமதி கொடுத்த முடிவுக் கடிதம், ஒரு நீல விமானக் கடிதம்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு யாராவது ஒத்திகை பாப்பாங்களா அண்ணே?"

"நாங்கள் பாத்தனாங்கள். பொலிஸ் விசாரணைக்கு முதல் அகதிக் காம்பிலை ஒருத்தன் பொலிசு மாதிரி இருப்பான், மற்றவன் பதில் சொல்லுவான். எத்தினை மணி, எந்தச் சந்தி, என்ன நிறச் சட்டை. முதல் சொன்னதும் பேந்து சொல்லுறதும் பொருந்தோணும். பொருந்தாட்டி நிராகரிப்பு. முப்பத்துநாலு வருசத்துக்கு முதல் நான் ஒரு பாவசங்கீர்த்தனம் சொன்னனான். இப்ப சொல்லப்போறது அதோடை பொருந்தாது. அதுதான் பயம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவர் வந்தது 1989 அக்டோபரில். வயது இருபத்துநாலு. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் வைத்திருந்தார்கள். சும்மா சண்டை என்று சொன்னால் எடுக்கமாட்டார்கள், வீட்டில் ஒரு சாவு இருக்கவேண்டும் என்று முகாமில் பேச்சு. அவருடைய வீட்டில் சாவு இல்லை. அம்மா இருந்தார், தம்பி யூட் இருந்தான், பத்தொன்பது வயது. விசாரணையில் அவர் யூட்டைச் சாகக் கொடுத்தார். சந்தியில், சைக்கிளில் போகும்போது, தன் கண்ணுக்கு முன்னால் ஆமி சுட்டதாகச் சொன்னார். பொலிசுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் ரவீந்திரன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், முகாமில் பக்கத்து அறை.

"ரவீந்திரன் அழுதவன், தம்பி. மொழிபெயர்த்துக்கொண்டே அழுதவன். நல்ல மனிசன்."

கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு நோர்வேக்காரப் பாதர் முகாமுக்கு வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்க வந்திருக்கிறார் என்றார்கள். பிலேந்திரன் அண்ணனுக்கு அப்போது நோர்வேஜிய மொழியும் வராது, ஆங்கிலமும் வராது. பாதர் முகாம் நிர்வாகியிடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டார். நிர்வாகி ரவீந்திரனை அனுப்பினார்.

"அவன் சைவக்காரன். பாவசங்கீர்த்தனம் எண்டா என்னெண்டே தெரியாது. 'இதிலை கேக்கிறதை வெளியிலை சொல்லக்கூடாது' எண்டு பாதர் அவனுக்குச் சொன்னதையும் அவன்தான் எனக்கு மொழிபெயர்த்தவன். நான் சொல்லப் போனது, பொலிசுக்குப் பொய் சொல்லிப்போட்டன் எண்டு. ஆனா பொலிசிலை இருந்த அதே மனிசன் முன்னாலை இருக்கிறான். முழங்காலிலை இருக்கிறன், வாய் திறக்கிறன், பொலிசுக்குச் சொன்ன கதைதான் வருது. சந்தி, சைக்கிள், எல்லாம். தம்பியை விட்டிட்டு ஓடினன், அதுதான் என்ரை பாவம் எண்டு முடிச்சன். பாதரின்ரை கண்ணும் கலங்கிச்சுது."

பாதர், தம்பிக்கு ஒரு பூசை வைக்கட்டுமா என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். தலையாட்டாமல் என்ன செய்வது? ஜனவரி மாதம் முகாமின் சாப்பாட்டு அறையில் பூசை நடந்தது. இருட்டு நாடு, நண்பகலிலும் விளக்கு. முகாமில் இருந்த தமிழர் அத்தனை பேரும் வந்தார்கள், சைவக்காரரும் வந்தார்கள். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அவரிடம் இருந்த யூட்டின் படத்தை வைத்தார்கள். அந்த நேரம் யூட் ஊர்காவற்றுறையில் உயிரோடு இருந்தான்.

"ஆனி மாசம் சண்டை திரும்பத் துவங்கினது. வவுனியாவிலை பெரியம்மாவைப் பாக்கப் போன யூட் திரும்பி வரேல்லை. பஸ்ஸிலை ஏறினதைக் கண்டவை இருக்கினம், இறங்கினதைக் கண்டவை இல்லை. நான் அவனுக்குச் செத்தபூசை வைச்சு ஆறாம் மாசம்." நீல விமானக் கடிதத்தைத் தொட்டார். "இது அம்மா எழுதினது. 'தம்பியைத் தேடு, உனக்கு அங்கை பெரிய ஆக்களைத் தெரியுமெல்லோ' எண்டு எழுதியிருக்கிறா. நான் ஆரிட்டைப் போய்த் தேடச் சொல்லுறது? இந்த நாட்டுப் பேப்பரிலை அவன் ஏற்கெனவே செத்திட்டான். ரவீந்திரன் என்னைக் காணுற நேரமெல்லாம் தோளிலை தட்டுவான்."

கார்க் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. துடைப்பானைப் போடவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?" இது ஒன்றுதான் என்னால் கேட்க முடிந்த குறுக்குக் கேள்வி.

"அவவைக் கண்டது தொண்ணூத்தஞ்சிலை, திராமனிலை. கூட்டாளிமார் எல்லாரும் சேர்ந்து, பிலேந்திரனுக்குத் தம்பி கண்ணுக்கு முன்னாலை செத்தது எண்டு சொல்லி வைச்சிருக்கிறாங்கள். பேந்து கலியாணம். அம்மாவோடை ரெலிபோனிலை கதைக்கேக்கை, 'யூட் வருவான், அவனுக்கும் ஒரு பொம்பிளை பாருங்கோ' எண்டு அம்மா இவவுக்குச் சொல்லுறா. இவ என்னைப் பாக்கிறா. நான்..." நிறுத்தினார். "அம்மாவுக்கு மூளை தட்டிப் போச்சு எண்டு சொன்னன். செத்ததை ஏத்துக்கொள்ளுறா இல்லை எண்டன். அம்மாவை விசரியாக்கினன், தம்பி. கதை பொருந்தோணுமெண்டு."

அம்மா 2004இல் இறந்தார். கடைசிவரை யூட்டுக்குப் பெண் தேடினார்.

அதற்குப் பிறகு அண்ணன் தன் பயங்களைச் சொன்னார். பாவத்தை மறைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தால் அது தேவதுரோகம் என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறார். அதனால்தான் அதற்குப் பிறகு ஒருநாளும் நன்மைக்குப் போனதில்லை. மகளின் முதல்நன்மை அன்றுகூட, படம் எடுக்கிறேன் என்று கமராவோடு ஒதுங்கி நின்றார். இப்போது போய்ச் சொன்னால் சுவாமியார், முதலில் பொலிசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றால்? சுவாமியாரே மனைவியிடம் சொல்லிவிட்டால்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உன் வாய்தான் உன் தம்பியைக் கொன்றது என்று சொல்லிவிட்டால்?

நான் படித்தவன் என்ற தைரியத்தில் அரை மணி நேரம் விளக்கினேன். சுவாமியார் எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது, உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்றேன். வாய்ச்சொல்லுக்கும் வவுனியா பஸ்ஸுக்கும் தொடர்பு கிடையாது என்றேன். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை போட்டேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும், "சரி, இப்ப நீர் சுவாமி. கேளும்," என்றார். கடைசியில் நான் கேட்டேன். தேதி கேட்டேன், சொன்னார். மாதம் கேட்டேன், சொன்னார். எல்லாம் மணி மணியாக வந்தது.

தமிழ்ச் சுவாமியாரிடம் போகமாட்டேன் என்றார்; வீட்டில் சாப்பிட்டவர், பிறகு முகம் பார்க்கவேண்டும். பங்கின் சுவாமியார் வியட்நாம்காரர், சிறு வயதில் படகில் வந்து இங்கே வளர்ந்தவர், நோர்வேஜிய மொழிதான் அவருக்கு நன்றாக வரும். அண்ணனுக்கும் இப்போது அந்த மொழி போதுமான அளவு வரும். நடுவில் யாரும் உட்காரத் தேவையில்லை.

மார்ச் பதினாறு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஒரு துணைக்கு நானும் போனேன். பாவசங்கீர்த்தன அறை வாசலில் போலந்துக்காரக் குடும்பங்கள் வரிசையாக நின்றன. ஒரு சிறுமி உள்ளே போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்து வழவழப்பான தரையில் சறுக்கி விளையாடினாள். அண்ணன் கோட்டுப் போட்டு, டை கட்டி, நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். மூன்று பேருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். நாலாவது ஆள் ஒரு கிழவர், முன்னே போக மறுத்துவிட்டார். அண்ணன் உள்ளே போனார்.

இருபத்திரண்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து நேரே காருக்கு நடந்தார். சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னிடம் நோர்வே உரிமம் இல்லை என்பதையும் மறந்துவிட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்; அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார, காருக்குள் இருந்தபடியே பேசினோம். சுவாமியார்தான் வாய் திறக்கக்கூடாது. போனவருக்கு அந்தத் தடை இல்லை.

"உள்ளை போய் இருந்தன். என்ன நடந்துதெண்டு தெரியேல்லை தம்பி, என்ரை முழுப்பேர், பிறந்த திகதி, பெர்சோன்நும்மர் பதினொரு இலக்கமும் சொல்லிப்போட்டன்."

"ஆள் நம்பரையா? பாவசங்கீர்த்தனத்துலயா?"

"அங்கை இங்கை எல்லா ஒப்பிசிலையும் அப்பிடித்தானே துவங்கிறது. வாய் தானாச் சொல்லிச்சுது. பாதர் என்னை நிமிர்ந்து பாத்தார். பேந்து, 'அது எனக்குத் தேவையில்லை' எண்டார். சிரிச்சவர் போலை. நான் கோப்பைத் திறந்தன். 'அதுவும் தேவையில்லை, கீழை வையுங்கோ' எண்டார். நான் கதிரைக்குக் கீழை வைச்சன். கையிலை ஒண்டுமில்லை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. பாத்தா, பயத்தையும் காணேல்லை."

"பயம் போச்சா?"

"கோப்பு இருந்தாத்தானே பொருந்துதோ பொருந்தேல்லையோ எண்டு பாக்கலாம். அவர் ஒண்டும் வைச்சுப் பாக்கேல்லையே. எல்லாத்தையும் சொன்னன். பொலிஸ், ரவீந்திரன், பூசை, அம்மா. அழாமல் சொன்னன். முந்தி ஒரு பாவசங்கீர்த்தனத்திலை பொய் சொன்னனான் எண்டதையும் சொன்னன்."

"என்ன சொன்னாரு? போலீசுக்குப் போகச் சொன்னாரா?"

"இல்லை. தம்பியை நீ கொல்லேல்லை எண்டார். அதை ரெண்டு தரம் சொன்னார். பேந்து கேட்டார், தம்பியின்ரை பேர் என்ன எண்டு. யூட் எண்டன். 'யூட் எப்பிடிப்பட்ட ஆள்?' எண்டு கேட்டார்."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வரேல்லை, தம்பி. அவன் என்ன நிறச் சட்டை போட்டுச் செத்தவன் எண்டு எனக்குத் தெரியும், நான் கட்டின கதை. எந்தச் சந்தி எண்டு தெரியும். அவன் என்னத்துக்குச் சிரிப்பான், என்ன சாப்பாடு விருப்பம், ஒண்டும் வரேல்லை. முப்பத்துநாலு வருசமா அந்தக் கதையையே பாடமாக்கிப் பாடமாக்கி, இருந்தவனை நான் அழிச்சுப்போட்டன். பாதரிட்டை, தெரியாது எண்டு சொன்னன். உள்ளை அதுக்கு மட்டுந்தான் அழுதது."

சுவாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். பரிகாரமாக, நாளுக்கு ஒருமுறை யூட் உயிரோடிருந்த ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவந்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்டாராம். உங்களுக்கு முடியுமானவரை என்றாராம்.

மறுநாள் ஞாயிறு அவர் நன்மை எடுத்தார். மேரியம்மா அக்கா வரிசையில் தனக்குப் பின்னால் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்கு அக்காவைப் போல் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது அவரை அப்படித் தாக்கியது.

மனைவியிடம் சொல் என்று சுவாமியார் கட்டளை எதுவும் போடவில்லை. அது அண்ணனே எடுத்த முடிவு. அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் ஏழாம் தேதி, சாப்பாட்டு மேசையில் சொன்னார். நான் அங்கில்லை. மறுநாள் காலை அக்கா எனக்குப் போன் செய்தார்.

"உமக்கு இது தெரியுமோ?" என்றார்.

"தெரியும் அக்கா."

"எவ்வளவு நாளா?"

"நாலு வாரமா."

"ஒம்பது வருசம், தம்பி, அந்த மனிசியோடை ரெலிபோனிலை கதைச்சனான். யூட் வருவான், வருவான் எண்டுவா. நான் பிள்ளைக்குக் கதை சொல்லுற மாதிரி, 'ஓம் மாமி, ஓம் மாமி' எண்டு சொல்லிப்போட்டு, ரெலிபோனை வைச்ச பிறகு சிரிச்சிருக்கிறன். அவ சரியாத்தானே கதைச்சிருக்கிறா. ஒருக்கா, 'உண்மையைச் சொல்லு பிள்ளை, நீயும் என்னை விசரி எண்டுதான் நினைக்கிறியோ' எண்டு கேட்டவ. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'செபமாலை சொல்லுங்கோ மாமி, மனம் தெளியும்' எண்டனான். அவர் பாவசங்கீர்த்தனம் செய்திட்டார். அவருக்குச் சரி. நான் இதை ஆரிட்டைக் கொண்டுபோய்ச் சொல்லுறது? என்ரை பாவமோ இது?"

நான் வாங்கிய எந்தப் பட்டமும் இதற்குச் சொல்லித்தரவில்லை.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மருத்துவமனையில் அக்கா எல்லா நாளும் பக்கத்தில் இருந்தார். கஞ்சி கொண்டுவந்தார், காலுறை மாட்டிவிட்டார், மருத்துவரிடம் கேள்வி கேட்டார். அண்ணனோடு மட்டும் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள் அக்கா களைத்துப்போய்விட்டார் என்று நினைத்தார்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் அண்ணனுக்கு அழுகை தொடங்கியது. மருத்துவர், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது சகஜம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். என்னிடம் சொன்னார்: "முந்திப் பயம் இருந்தது, தம்பி. அது இருந்தவரைக்கும் துக்கத்துக்கு இடமில்லை. இப்ப அது எழும்பிப் போட்டுது, இது வந்து குந்திட்டுது. தம்பி செத்துப்போனான் எண்டு எனக்கு இப்பதான் தெரிஞ்ச மாதிரி இருக்கு." சற்றுப் பொறுத்து, "செத்தானோ எண்டும் தெரியாது," என்றார்.

முதல் இரண்டு மாதம் பரிகாரத்துக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. வெறும் மரியே சொன்னார். ஜூன் மாதம் ஒருநாள் எனக்குப் போன் வந்தது. யூட்டுக்கு மீன் பொரித்தால் தலைதான் வேண்டும், அதற்காகச் சண்டை போடுவான், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றார். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இதுவரை பதினொன்று வந்திருக்கிறது என்று போன வாரம் சொன்னார். சிலது நடந்ததோ, தான் கட்டிக்கொண்டதோ என்று அவருக்கே நிச்சயமில்லை. அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் மாதம் கோவில் அலுவலகத்தில் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனோம். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: உயிரோடிருப்பவருக்கு, இறந்தவருக்கு. அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். அலுவலகப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தார், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை வாங்கி வைத்தார்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரை மாத்தாமல் எழுதும். முந்திக் கதை மாத்தினது காணும்," என்றார். அக்காவிடமும் கேட்டேன். "எழுதும். மாமி விசரி இல்லை எண்டதை வடிவா எழுதும்," என்றார். எழுதிவிட்டேன்: கனகம்மா என்ற அந்தத் தாய்க்குப் புத்தி பேதலித்திருக்கவில்லை. தன் மகன் செத்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அதனால் அவர் காத்திருந்தார்.

பிலேந்திரன் அண்ணனுக்கு இப்போது அறுபது வயது. ரொம்மனில் அதே நான்காம் மாடி வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பவில்லை. மேரியம்மா அக்கா மகளின் பழைய அறையில் படுக்கிறார். சமைத்து வைக்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், தேவைக்கு மட்டும் பேசுகிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அண்ணன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். தனியாக, பஸ்ஸில், வெறுங்கையோடு போகிறார்.